மேலுமலையில் நிற்காதவன்

பேரிகை திம்மப்பனுக்கு யாரையும் பிடிக்காது. தன்னையும் யாருக்கும் பிடிக்காது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி அவன் வருத்தப்பட்டதாக யாரும் சொன்னதில்லை.

மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரித் தோப்புகளிலிருந்து ஓசூர் மண்டிக்கு சைக்கிளில் கூடை ஏற்றிப் போவது அவன் பிழைப்பு. குருபரப்பள்ளி தாண்டினால் மேலுமலை ஏற்றம். மற்ற கூலிக்காரர்கள் அங்கே இறங்கி, ஹேண்டில் பாரைப் பிடித்து முக்கி முனகித் தள்ளுவார்கள். திம்மப்பன் இறங்க மாட்டான். அவன் ஊரான பேரிகையில் நிலக்காரர்கள் தெரு வழியாகப் போகும்போது கூலிக்காரர் தெருவில் பிறந்தவன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும்.

"ஊர்ல எறங்கறது பத்தாதா? இங்கயும் எறங்கணுமா?" என்பான், கூட வருகிறவர்கள் கேட்டால்.

1952 சித்திரையில் ஒருநாள், மேலுமலைப் பாதியில் ஒரு பஸ் கொதித்துப்போய் நின்றது. உள்ளே பெங்களூர் சைக்கிள் கடை முதலாளி கரியப்பன் விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு கூடை மாங்காயோடு ஒருவன் சீட்டை விட்டு எழும்பாமல் பஸ்ஸைக் கடந்து போவதைப் பார்த்தார். மறுவாரமே மண்டியில் ஆளைத் தேடிப் பிடித்தார்.

"எங்க கடை சைக்கிள்ல பந்தயம் ஓட்டறியாடா? மாசச் சம்பளம் தர்றேன்."

திம்மப்பன் ஒத்துக்கொண்டான். வேலை என்னவென்று பெங்களூர் போன பிறகுதான் தெரிந்தது. கரியப்பனின் மச்சினன் சின்னராஜ் சமதரையில் குதிரை மாதிரி ஓட்டுவான். மேடு வந்தால் அவனுக்கு மூச்சு முட்டும்.

"மேட்டுல நீ வேகமாப் போயி மத்தவங்க மூச்ச வாங்கிடு," என்றார் கரியப்பன். "உச்சியில நின்னுக்கோ. சின்னராஜ் வந்ததும் காத்து அவன் மேல படாம முன்னால போ. கோடு வர்றப்ப ஒதுங்கிக்கோ. அவ்ளோதான் உன் வேல."

ஐந்து வருஷம் திம்மப்பன் அதைத்தான் செய்தான். மேட்டில் முன்னால் போகிறவனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே மிதிப்பான். அந்தக் குதிகால் பெடலுக்குக் கீழே தொங்க ஆரம்பித்தால் ஆள் தீர்ந்தான் என்று அர்த்தம். அப்போது தாண்டுவான். ஒவ்வொருவனையும் அப்படித் தாண்டி, உச்சியில் தனியாக நிற்பான். கீழேயிருந்து சின்னராஜ் விசில் அடித்துக்கொண்டே வருவான். அந்த விசிலைத் தவிர இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. சின்னராஜ் குடிக்கிற பாத்திரத்தை திம்மப்பன் தொடக் கூடாது. கடைச் சுவரில் மாலை போட்டு மாட்டிய படங்களில் எல்லாம் சின்னராஜ்.

1957 தை மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பந்தயம் வைத்தார்கள். முதல் நாள் திம்மப்பன் பேரிகைக்குப் போனான். அவன் மனைவி நஞ்சம்மா கூலிக்குக் களை எடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் நின்னு குடுப்பியா?"

"சம்பளம் வாங்கறேன் இல்ல?"

"விசில் அடிச்சா மாடுகூட எல்லா நேரமும் நிக்காது," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான்.

மறுநாள் மேலுமலையில் அவன் ஒவ்வொரு குதிகாலாகத் தாண்டினான். உச்சிக்கு வந்தபோது பின்னால் ஒருவரும் இல்லை. வழக்கமாகக் காலை ஊன்றும் இடத்தில் பிரேக்கைத் தொட்டான். கீழே வளைவிலிருந்து விசில் சத்தம் வந்தது. திம்மப்பன் கையை எடுத்துவிட்டு மிதித்தான். சூளகிரி தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓசூரில் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மாலையோடு நின்றவர்கள் இவன் கழுத்தைப் பார்த்தார்கள். மாலையைக் கீழே வைத்துவிட்டார்கள். சின்னராஜ் ஆறு நிமிஷம் கழித்து வந்தான்.

வந்ததும் வராததுமாகக் கத்தினான். "லாரிய புடிச்சிக்கினு ஏறினான்! வளைவுல நான் பாத்தேன்!"

கூட்டத்துக்கு அது போதுமாயிருந்தது. "கூடை தூக்கற பய, வேற எப்படி ஏறுவான்?" என்றான் ஒருவன். சட்டையைப் பிடித்தார்கள். திம்மப்பன் பிடித்த கையைத் தட்டிவிட்டு, நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற பட்டாளத்து சுபேதாரிடம் போனான்.

"நாளைக்குக் காலையில மறுபடி ஏறறேன். நீங்க ஜீப்புல பின்னாலயே வாங்க. லாரி வருதான்னு பாருங்க."

"எந்த சைக்கிள்ல ஏறுவே?" என்றார் கரியப்பன். சைக்கிளை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இது என் கடை சொத்து."

திம்மப்பன் கிருஷ்ணகிரிக்கு லாரியில் போய், முன்பு மாங்காய் ஏற்றிய தோப்பில் ஒரு கேரியர் சைக்கிளை இரவல் வாங்கினான். விடிந்ததும் அடிவாரத்துக்கு வந்தான். சின்னராஜின் ஆட்கள் பத்துப் பேர் முன்பே வந்து நின்றார்கள். சுபேதார் கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார்.

அந்த ஏற்றத்தை திம்மப்பன் கடைசிவரை மறக்கவில்லை. ஆட்கள் பக்கத்திலேயே ஓடிவந்து, அவன் அம்மாவையும் பெண்டாட்டியையும் இழுத்துப் பேசினார்கள். ஒருவன் முகத்தில் துப்பினான். துடைக்கக் கையை எடுத்தால் சைக்கிள் கோணும். அப்படியே மிதித்தான். பாதி மேட்டில் அவர்களுக்கு மூச்சு வாங்கியது, ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அதன்பிறகு செயின் சத்தமும் ஜீப் சத்தமும்தான்.

உச்சியில் சுபேதார் இறங்கினார். கரியப்பனும் சின்னராஜும் வேறொரு காரில் வந்திருந்தார்கள்.

"நேத்து அடிவாரத்துலயும் உச்சியிலயும் ஆள் வெச்சு நேரம் குறிச்சிருக்கு. இவன் இந்த மேட்ட ஏறினது பதினாலு நிமிஷம்," என்றார் சுபேதார். "இன்னிக்கு இந்த எருமை சைக்கிள்ல பதினாறு. சின்னராஜ் நேத்து பந்தய சைக்கிள்லயே பத்தொம்போது. லாரி எங்கருந்து வந்துச்சுப்பா?"

சின்னராஜ் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

கோப்பையை அங்கேயே ரோட்டோரத்தில் கொடுத்தார்கள். யாரும் கை தட்டவில்லை. கரியப்பன் கிட்டே வந்து, "பெங்களூர்ல இனி எந்தக் கடையிலயும் உனக்கு சைக்கிள் கெடைக்காது. பாத்துக்கறேன்," என்றார்.

"பாத்துக்கோ," என்றான் திம்மப்பன். அவரிடம் அவன் மரியாதையில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

கரியப்பன் சொன்னபடியே நடந்தது. ஒரு வருஷம் திம்மப்பன் திரும்பவும் மாங்காய்தான் சுமந்தான். பிறகு சேலத்து சைக்கிள் கடைக்காரர் ஒருவர் ஆள் அனுப்பினார். அவரிடம் திம்மப்பன் கேட்டது ஒன்றுதான்: "யாருக்காச்சும் நிக்கணுமா?"

"ஜெயிச்சாப் போதும்பா."

ஏற்காட்டு மலையில் இரண்டு தடவை ஜெயித்தான். கூட ஓட்டியவர்களிடம் அப்போதும் பேசவில்லை. ஆனால் ஏறத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு இறங்கத் தெரியாது. இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பான். மேட்டில் சம்பாதித்த நிமிஷங்கள் அங்கே போகும். 1959-ல் ஒரு பந்தயத்தில் பின்னால் வந்தவர்கள் நெருங்குவதைப் பார்த்து, முதல் தடவையாகப் பிரேக்கை விட்டான். மூன்றாவது வளைவில் சரளைக்கல். வலது முட்டி நொறுங்கிப் போனது.

சேலம் ஆஸ்பத்திரிக்கு நஞ்சம்மா இரண்டு பஸ் மாறி வந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். அவள் முகம் கறுத்தது.

"யார்யா தள்ளுனது? பேரச் சொல்லு."

"யாரும் தள்ளல."

"அந்தப் பெங்களூர்க்காரன் ஆளா?"

"யாரும் இல்லன்னு சொல்றேன் இல்ல! நானேதான் வுழுந்தேன்."

சொல்லிவிட்டு திம்மப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தான், ஒரு ஆளும் அகப்படவில்லை. நஞ்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த களியைப் பிட்டு அவன் வாயருகே நீட்டினாள். அவன் அவளை முறைத்துவிட்டு வாயைத் திறந்தான்.