மதுரையிலிருந்து கோவைக்கு, சென்னை வழியாக

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டிராவல்ஸ் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முருகேசன் வந்தார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். மகனுக்குக் கோயம்புத்தூரில் பெண் முடிவாகி, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"மதுரையில ஏறுனா கோயமுத்தூருக்குப் பிளேன் எம்புட்டு நேரம்மா?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டிக்கெட்டிங் கோர்ஸும் முடித்திருந்தேன். சுவர் மேப்பில் ஸ்கேலை வைத்து அளந்தேன். நேராகப் பறந்தால் நூற்றெழுபது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரம்.

"ஆனா நேர் பிளைட் கிடையாதுங்கய்யா. சென்னைக்குப் போயி, அங்க வேற பிளைட் மாறி வரணும். நம்ம ஊர்ல பஸ் ஏறுனா அதுக்கு முன்னாடி போயிரலாம்."

"பஸ்ஸுக்கு வழி சொல்லக் கண்டக்டர் இருக்கான். நீ பிளேனுக்குப் படிச்ச புள்ளதான?"

எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவரே விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவியின் தம்பி ஒருதரம் சிங்கப்பூர் போய்வந்தவர். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் பிளேன் பேச்சுதான்.

"அவன் கண்ணு முன்னாடி நான் பிளேன்ல வந்து எறங்கணும். நிச்சயத் தட்டை என் கையால மாத்தணும். மச்சான் கை அதுல படவே கூடாது."

நல்ல நேரம் பன்னிரண்டு மணி வரை. காலை பிளைட்டில் கிளம்பினால் பதினொன்றுக்குள் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மண்டபத்து நம்பரையும் வாங்கி வைத்தேன். அவர் மனைவியோ, "நான் தரையிலயே வாரேன்" என்று மகன், தம்பி, பூக்கூடை எல்லாவற்றோடும் வேனில் போய்விட்டார்.

நிச்சயத்தன்று பதினொன்றரைக்கு ஆபீஸ் போன் அடித்தது. முருகேசன்தான். "அம்மா, சென்னையிலயே கெடக்கேன். பிளேன் லேட்டாம்."

இன்னொரு போனில் மண்டபத்தைப் பிடித்தேன். அவர் மனைவி வந்தார். "கோயமுத்தூருக்கு வார மனுசன் மெட்ராசுக்கு எதுக்குப் போனாரு?"

அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கட்டும் என்று ஒரு ரிசீவரைத் தலைகீழாகத் திருப்பி, மற்றதோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். முதலாளி காதர் பாய் டீ கிளாசோடு நின்று பார்த்தார். "இது எந்தக் கோர்ஸுலம்மா சொல்லிக் குடுத்தாக?"

மண்டபத்தில் போன் இருந்த மேனேஜர் ரூமுக்கே நிச்சயத் தட்டைத் தூக்கி வந்துவிட்டார்கள். முருகேசன் சென்னையிலிருந்து கத்தினார்: "சம்பந்தி! என் கையால தர்றதா நெனச்சு வாங்கிக்கங்க!"

அதே நேரம் ஏர்போர்ட் மைக்கில் டெல்லி விமானத்துக்கு அழைப்பு.

"ஏனுங்க, சம்பந்தி டெல்லிக்குப் போறாருங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

தட்டு மாறியது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அதைப் பிடித்திருந்தது மச்சானின் கை. முருகேசன் போய்ச் சேரும்போது மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்களாம்.

அடுத்த வாரம் அவர் ஆபீஸ் படியேறியபோது என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கல்யாணமும் கோயமுத்தூர்லதான். அதே மாதிரி சென்னை வழியா ஒரு டிக்கெட் போடும்மா."

"மறுபடியும் பிளேன்லயா போகப் போறீங்க, ஐயா?"

"நான் வேன்ல போயிருவேன். டிக்கெட்டு மச்சானுக்கு."

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தூரத்தையும் நேரத்தையும் அப்புறம் பாருங்கள். யார், யாருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.