அமைச்சர் வாய் திறந்த இடம்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வந்த ஃபெர்ரியில், தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண்மணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்வகிடு முழுக்க நரை. கைப்பேசியில் ஒரே காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஓரிடம் வந்ததும், யாரோ அழைத்ததுபோல அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

எட்டிப் பார்த்தேன். ஊரே பகிர்ந்த காணொளி. டிக்டாக்கிலேயே பிரசாரம் செய்து ஜெயித்த புது எம்.பி. நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டிக் கத்துகிறார். சபாநாயகர் அவரை வெளியேற்றுகிறார். பின்னணியில் யாரோ சேர்த்துவிட்ட மேளம் அதிர்கிறது.

"நல்லாக் குடுத்தாருலா," என்றேன்.

"என் மகளுக்காகத்தான் அண்ணே கேட்டாரு. இங்கயே பொறந்தவ, இன்னும் குடியுரிமை இல்ல, ஐசி அடையாளக் கார்டும் இல்ல. அடுத்து காலேஜுக்கு எப்படிப் போவா? மந்திரி பதில் சொல்லத்தான் எந்திரிச்சாரு. அதுக்குள்ள இவரு கத்த ஆரம்பிச்சிட்டாரு."

"அந்த எம்.பி.கிட்டயே போய்க் கேக்கலாமே?"

"போனேன். 'அக்கா, ஒரு மில்லியன் வியூஸ் போயிருச்சு'ன்னு சிரிக்கிறாரு."

கைப்பேசியை என் கையில் திணித்தார். "இந்த இடத்துல மந்திரி வாயத் தொறக்கிறாரு பாருங்க. என்ன சொல்றாருன்னு உங்களுக்காவது கேக்குதா?"

காதோடு அழுத்தி வைத்துக் கேட்டேன். கத்தலும் மேளமும்தான் கேட்டன. ஃபெர்ரி துறையில் வந்து நின்றது. எல்லோரும் இறங்கத் தொடங்கினார்கள். அவர் மட்டும் எழாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றேன்.