கரை இல்லாத பாவாடை

கொழும்பில் கடை வைத்திருக்கும் என் அண்ணன், அங்கே தாய் தகப்பன் இல்லாத, கண் தெரியாத பிள்ளைகளை வளர்க்கும் இல்லம் ஒன்றுக்கு உதவி வருகிறார். அவர் கேட்டபடி, போன தீபாவளிக்கு எங்கள் தறியில் நெய்த பாவாடைத் துணிகளை அனுப்பினோம். கரை போட்டு நெய்தால் வேலை அதிகம். “கண்ணு தெரியாத பிள்ளையளுக்குக் கரை எதுக்கு? வெறுந்துணியா நெய்யுங்க” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னது நான்தான். தெருவெல்லாம் தருமம் செய்த பெருமையை அளந்ததும் நான்தான்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு வந்த அண்ணன், அந்த இல்லத்துச் சிறுமி பாக்கியத்தையும் கூட்டி வந்தார். நாங்கள் அனுப்பிய துணியில் தைத்த பாவாடையைத்தான் அவள் உடுத்தியிருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், என் சேலைக் கரையை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

“அத்தை, இதில கோபுரம் கோபுரமா இருக்கு. என் பாவாடையில ஒண்ணுமே தட்டுப்படலையே. கரை போட மறந்துட்டாங்களா?”

என் வீட்டுக்காரர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, “ஆமா மக்கா, மறந்துதான் போனோம்” என்றார்.

இப்போது அந்தப் பிள்ளைகளுக்கான துணியில் தடித்த நூல் கொடுத்துக் கரை நெய்கிறோம். தறியிலிருந்து அறுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கிறேன். என் விரலுக்குக் கரை தெரிந்த பிறகுதான் துணி கப்பலேறுகிறது.