மாமரத்தை விட்டு வராத ஓர்க்கிட்

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். பெற்றவர்கள் சட்டிபானையோடு கிளம்புவார்கள். ஆண்பிள்ளைக்கு எந்த வீடும் இல்லை, ஆனால் எல்லா வீட்டிலும் வேலை உண்டு. இதை இன்று மனைவியின் வீட்டில், மனைவியின் கதிரையில் களைத்துப்போய் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

என் மூத்தவள் ராத்தாவின் கலியாணத்துக்கு முந்திய கிழமை, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டை விட்டு அடுத்த ஒழுங்கையில் தங்கச்சிக்கென்று வைத்திருந்த வீட்டுக்குக் குடிபோனோம். உம்மா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், மாமரத்து ஊதா ஓர்க்கிட்டைத் தவிர. ஒற்றைத் தண்டாக வந்ததைத் தும்புக் கயிற்றால் மரத்தில் கட்டி வளர்த்தவர் அவர்தான். கயிறு எப்போதோ உக்கிப்போயிற்று. வேர்கள் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. கழற்றுவதற்கு என்னை ஏற்றினார்கள். வீரத்தோடு இழுத்தேன். சில வேர்கள் அறுந்தன, எறும்புகள் காற்சட்டைக்குள் புகுந்தன, செடி அசையவில்லை. நான்தான் இறங்கினேன்.

"உடு மகன். பிச்சா செத்துப்போகும்," என்றார் உம்மா. "இனி அது ராத்தாட மரம்."

சொன்னாரே தவிர விடவில்லை. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினால்தான் அது பூக்கும் என்பது அவர் கணக்கு. புது மருமகன் இருக்கும் வீட்டில் மாமி காலையிலேயே போய் நிற்பது வெட்கம். ஆகவே மூடிபோட்ட வாளியோடு நான் போனேன்.

புது மாப்பிள்ளைக்கு மாமி வகைவகையாகச் சாப்பாடு அனுப்புவது எங்கள் ஊர் வழக்கம். மூடிய வாளியைக் கண்டதும் மச்சானின் முகம் மலர்ந்தது.

"மாமி என்ன குடுத்தனுப்பின?"

நான் வாய் திறக்குமுன் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே செதிள் மிதந்தது.

"இது... மீன் ஆணமா?"

"ஓம் மச்சான். ஆனா உங்களுக்கில்ல, பூவுக்கு."

குசினிக்குள் ராத்தா சிரித்த சிரிப்பில் சட்டிமூடி ஒன்று விழுந்தது.

மழைக்காலம் வரை சுமந்தேன். தோள் இறங்கிவிட்டது என்று இரண்டு வீட்டிலும் முறையிட்டேன்; இரண்டு வீட்டிலும் தேத்தண்ணிதான் கிடைத்தது. கடைசியில் தாய்ச்செடியின் தண்டில் ஒரு குட்டி முளைத்து வேர்விட, ராத்தா அதைக் கிள்ளித் தந்தாள். எனக்கு விடுதலை வந்துவிட்டது. எங்கள் புது முற்றத்தில் ஒரு ஈரப்பலா நின்றது. அதில் கட்டிவிட்டால் பனியும் மழையும் பார்த்துக்கொள்ளும், வாளிக்கும் ஓய்வு.

உம்மா கட்டவில்லை. கரித்துண்டும் தேங்காய்ப் பொச்சும் போட்டு, துளைச் சட்டியில் வைத்து, கம்பியில் தொங்கவிட்டார். சட்டி வெயிலில் சீக்கிரம் காய்ந்தது. முன்பு காலையில் மட்டும் ஊற்றியவன் பின்னேரமும் ஊற்ற வேண்டியதாயிற்று.

"மரத்தில கட்டினா லேசுதானே உம்மா?"

"கதைக்காம ஊத்து மகன்," என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

என்னை வேலை வாங்குவதற்கென்றே இப்படிச் செய்கிறார் என்று முடிவுகட்டிக்கொண்டு ஊற்றினேன். வாசலில் தங்கச்சி பாண் துண்டைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. உம்மா அவளையே பார்த்துக்கொண்டு, சட்டியின் கம்பிக் கொளுக்கியை, தூக்கினால் சுளுவாய்க் கழன்று வருகிற மாதிரி, கொஞ்சம் நிமிர்த்திவிட்டார்.