மயில் போட்ட சவரக்கத்தி

சேக்காட்டில் சலூன் வைத்திருக்கிறேன். வாராவாரம் சேவிங்குக்கு வரும் ராமு அண்ணன், ஆன்லைனில் வாங்கிய சவரக்கத்தி ஒன்றை நீட்டினார். பிடியில் மயில். "இனிமே எனக்கு இதுலதான், நைனா."

கையில் வாங்கியதுமே தெரிந்தது, அழகுக்குச் செய்த மட்டமான இரும்பு. அவர் சந்தோஷத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கல்லில் தேய்த்து, தோல் வாரில் தீட்டினேன். என் கையில் வைத்துப் பார்த்தேன், முடியை எடுத்தது. அவருக்கு ஒரு கன்னம் முடிவதற்குள் கூர் மடங்கிவிட்டது. கண்ணை மூடியிருந்தார். சத்தமில்லாமல் என் கத்தியை எடுத்து மிச்சத்தை முடித்தேன்.

"இன்னா கத்தி பாத்தியா!" என்று கன்னத்தைத் தடவினார்.

பிறகு வாராவாரம் அப்படியே மாற்றினேன். நிறுத்தவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை.

ஒருநாள், "புடிக்கிறது எப்டின்னு காட்டு, ஊட்டுல நானே போட்டுக்கிறேன்" என்று அந்த மயில் கத்தியை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தார். மழுங்கின கத்தியை அழுத்தினால் கிழித்துவிடும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தினி வாரமா ஏமாத்திகினு இருந்தியா? அன்னிக்கே மட்டம்னு சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேனே."

முடி வெட்ட இன்னும் வருகிறார். சேவிங் கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.