இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்

கல்யாணமாகி ஆரணியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுச் சத்தமெல்லாம் எங்கள் வீட்டுக்குள் கேட்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மி அரைப்பது, குழந்தை அழுவது, யாரோ இருமுவது எல்லாம் எங்கள் அறையிலேயே நடப்பது போலிருக்கும். ஆனால் பேச்சு ஒரு வார்த்தை புரியாது. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள் தெலுங்கு, அந்தப் பக்கம் அவர்கள் சௌராஷ்டிரம். வாசலுக்கு வந்துவிட்டால் இரண்டு வீட்டாரும் தமிழ். எங்கள் வீட்டுக்குள் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. என் மாமனாரும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஒரே வயது. இளமையில் இருவரும் ஒரே முதலாளிக்குப் பட்டு நெய்தவர்கள். எங்கள் முன்னோர் கிருஷ்ணா நதிப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று மாமனார் சொல்வார். தங்கள் முன்னோர் குஜராத்திலிருந்து கிளம்பி, மதுரையில் தங்கி, அப்புறம் காஞ்சிக்கு வந்தார்கள் என்று பெரியவர் சொல்வார். இருவரும் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை.

நான் வந்தபோது பக்கத்து வீட்டில் தறி இல்லை. பெரியவரின் மூத்த மகன் சாயப்பட்டறை வைத்து, அதிலிருந்து பட்டுச் சேலைக் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் ரேடியோவும் இரும்பு பீரோவும் இருந்தன. கடைசிப் பெண் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். மாமனார் ஒன்றில், என் கணவர் ஒன்றில்.

ஆனால் தெரு எங்களுடையது. அவர்கள் மொத்தம் நாலைந்து குடும்பம்தான். தெருக்கோயில் எங்கள் ஜனங்கள் கட்டியது, சங்கம் எங்களுடையது, ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் முதலில் எங்கள் சங்கத்துக்குத்தான் வருவார்கள். ஆடித் திருவிழாவில் முதல் மரியாதை என் மாமனாருக்கு. பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டும்போது, கோயிலுக்கு மின்விளக்கு போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கூட்டத்தோடு கைகூப்பி நிற்பார்.

"காசு வந்துட்டா போதுமா? நிக்கிற எடம் வேணாமா?" என்பாள் என் மாமியார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. பெரியவரின் மனைவி எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள், ஆசாரமாம். எங்கள் ஆண்களும் பூணூல் போட்டவர்கள்தான். அவர்கள் ஆண்களும் போட்டவர்கள்தான். சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய அக்ரகாரத் தெருக்களுக்குச் சேலை காட்டப் போனால் இரண்டு பேரையும் உள்ளே விடாமல் ஒரே வாசல்நடையில்தான் நிற்கவைப்பார்கள். அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் பேச்சே வராது.

ஒரு நாள் காலை பெரியவர் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தார்.

"பையன் மாடி எழுப்பலாம்னு சொல்றான்பா. பொதுச் செவுரு. உன்னைக் கேக்காம கை வெக்கக் கூடாதில்ல?"

மாமனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன்னிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் போதும். "தாராளமா எழுப்பு. செவுரு உனுக்கு வேற எனுக்கு வேறயா?" என்றார்.

என் கணவருக்குப் பிடிக்கவில்லை. பெரியவர் போனதும், "மண்ணு வெச்சுக் கட்டுன செவுரு. மாடி தாங்குமான்னு ஒரு மேஸ்திரிய கேட்டிருக்கலாம்" என்றார். மாமனார் காதில் வாங்கவில்லை.

சிமெண்டுக்குப் பர்மிட் அலைந்து வாங்க வேண்டிய காலம். அவர்கள் வீட்டு வாசலில் மூட்டைகள் வந்து இறங்கியபோது தெருவே வந்து பார்த்தது. மாமனாரும் பார்த்தார். அன்றைக்கு மத்தியானமே கடப்பாரையை எடுத்துக்கொண்டு, பொதுச்சுவரை ஒட்டி மூன்றாவது தறிக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

எங்களுடையது குழித்தறி. தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலைப் பள்ளத்தில் விட்டு மிதிக்க வேண்டும். வீட்டில் வேறு இடம் இல்லை. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் தோண்டினார்.

"இங்க வேணாம்ப்பா" என்று கணவர் சொன்னார்.

"அவன் மேல போறான். நான் மூணு தறி ஓட்டக் கூடாதா?" என்றார் மாமனார். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. இத்தனை வருஷம் அவருக்குள் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது தறியில் உட்கார்ந்தது நான். அம்மா வீட்டிலேயே நெய்யப் பழகியிருந்தேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்தது அரக்கு நிறப் பாவு நூல். நெய்யத் தொடங்கிய சில நாட்களில் காலையில் வந்து பார்த்தால் பாவின்மேல் சன்னமாக மண் உதிர்ந்திருக்கும். துணியால் தட்டிவிட்டு நெய்வேன். மறுநாளும் இருக்கும். தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன். சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு.

தெருக்குழாயில் பெரியவரின் மூத்த மருமகளிடம் சொன்னேன். அவள் சேலத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், என்னைவிட இரண்டு வயது பெரியவள். மாமியார்கள் கண்ணில் படாமல் நாங்கள் குழாயடியில் பேசிக்கொள்வோம்.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க பூஜை ரூம் கதவு நாலு நாளா சாத்த வர்ல. மழைக்கு ஊதிக்கினு இருக்குதுன்னு இவரு சொல்றாரு. மழைதான் இன்னும் வர்லையே."

இருவரும் அவரவர் வீட்டில் சொன்னோம். என் மாமியார் நேராக வாசலுக்குப் போய், "உங்க மாடியாலதான் எங்க செவுரு வாய பொளக்குது" என்றாள். பெரியவரின் மனைவி அங்கிருந்து, "நீங்க அடியில நோண்டி வெச்சிக்கினு எங்கள சொல்றீங்களா?" என்றாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அவர்கள் மாடிக்குச் சுவர் ஏறிக்கொண்டே இருந்தது.

அவர்களுடைய மேஸ்திரியைத்தான் கணவர் தனியாக அழைத்துவந்து காட்டினார். அவர் குழிக்குள் இறங்கி, சுவரின் அடியைக் கையால் தடவினார். மண் ஈரமாகக் கையோடு வந்தது.

"கீழ நீங்க தோண்டுறீங்க, மேல அவங்க ஏத்துறாங்க. செவுரு இன்னா பண்ணும்? குழிய மூடுங்க. நான் அங்க முட்டுக் கொடுக்கச் சொல்றேன். ரெண்டும் நடக்கணும். ஒண்ணு மட்டும் நடந்தா பிரயோஜனம் இல்ல."

குழியை மூடினால் தப்பு நம்முடையது என்று ஒப்புக்கொண்டது போலாகும் என்று மாமனார் மறுத்தார். முட்டுக் கொடுக்க மாடி வேலையை நிறுத்தினால் கிரகப்பிரவேசம் தள்ளிப்போகும், அவமானம் என்று அந்த வீட்டு மகன் மறுத்தார். பத்திரிகை அடித்தாகிவிட்டதாம்.

விஷயம் சங்கத்துக்குப் போனது. எங்கள் ஆட்கள் பத்துப் பேர் வந்து கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவரும் மகனும் அவர்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பெண்கள் நாங்கள் தூணுக்குப் பின்னால். சுவரைப் பற்றிப் பேசியது கொஞ்ச நேரம்தான்.

"இந்தத் தெருவுல உங்களுக்கு எடம் குடுத்ததே எங்க பெரியவங்க" என்றார் எங்களவர் ஒருவர்.

"சும்மா குடுத்தீங்களா? கிரயத்துக்கு வாங்குனது. இன்னிக்கு உங்க பாதிப் பேரு எங்க கடைக்குத்தான் நெய்யறீங்க" என்றார் பெரியவரின் மகன்.

"வந்தேறிக்குப் பேச்சப் பாரு."

"நீங்க மட்டும் இங்கியே மொளச்சீங்களா?"

கைகலப்பு ஆகவில்லை. ஆனால் திரும்பி நடக்கும்போது எங்கள் பையன்களில் சிலர் எங்களோடு வரவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் குவித்திருந்த மணலில் மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். அந்த வாரமே அவர்கள் கடையிலிருந்து எங்கள் தெருவில் மூன்று பேருக்கு நெய்யப் பட்டு நூல் வரவில்லை. தறி காலியாகக் கிடந்தது. குழாயடியில் பெண்கள் இரண்டு வரிசையாக நிற்க ஆரம்பித்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோடு இப்போது விரல் நுழையும் அகலம். சுவருக்குள்ளிருந்து எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. அந்தத் தறியில் இனி உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மருமகள் அப்படிப் பேசி எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மாமனார் என்னைப் பார்த்துவிட்டு, தன் தறியை விட்டு எழுந்து போய் அதில் உட்கார்ந்தார்.

கிரகப்பிரவேசத்தன்றும் மழை. மேளச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் அவர்கள் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் மாடியில். நான் அடுப்படியிலிருந்து பார்த்தபோது, சுவரிலிருந்து கையளவு காரை பெயர்ந்து பாவின்மேல் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மாமியார் தடுக்கத் தடுக்க நான் வெளியே ஓடினேன்.

அழைப்பில்லாத வீட்டுக்குள் ஈரச் சேலையோடு நுழைந்து படியேறி, "எல்லாரும் கீழ வாங்க, செவுரு இறங்குது" என்று கத்தினேன். மேளம் நின்றது. அந்த வீட்டு மூத்த மருமகள் ஒருத்திதான் குழந்தையை வாரிக்கொண்டு என்னைத் தாண்டிக் கீழே ஓடினாள். மற்றவர்கள் என்னைப் பார்த்தபடி நின்றார்கள்.

"நல்ல காரியத்துல வந்து வாய வெக்கிறியே, உனுக்கு நல்லாருக்குதாமா?" என்றாள் பெரியவரின் மனைவி. மகன் என் கணவரைக் கூப்பிட்டு என்னை அழைத்துப் போகச் சொன்னார். சுவர் அன்று விழவில்லை. சாயங்காலம் வரை மேலே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. என் மாமியார் எனக்குச் சாப்பாடு போடவில்லை. பொறாமையில் சாபம் விட வந்தவள் என்று அவர்கள் பக்கமும், மானத்தை வாங்கியவள் என்று எங்கள் பக்கமும் பேசினார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஜனமும் ஒத்துப்போனது.

அப்புறம் வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மழை விட்டு வெயில் வந்தது. சுவர் காய்ந்தது. விரிசலில் மாமனார் சாந்து பூசினார். "பாத்தியா, நிக்குது" என்றார் கணவரிடம். கணவரும் நானும் படுக்கையை வாசல் பக்கமாக மாற்றிக்கொண்டோம்.

கார்த்திகை பிறந்து, மழையே இல்லாத ஒரு முற்பகல். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் என்று எதுவும் இல்லை. மூட்டையைக் கீழே போட்டது போல ஒன்று, அவ்வளவுதான். பின்னாலேயே புழுதி கொல்லைக் கதவு வழியாகப் புகை மாதிரி வந்தது.

சுவர் எங்கள் பக்கம் சரிந்திருந்தது. மேலே அவர்களுடைய புது அறையின் ஒரு மூலை அந்தரத்தில் தொங்கியது. நல்லவேளையாக அங்கே யாரும் இல்லை. மாமனார் குழியில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார், இடுப்புவரை செங்கல்லும் மண்ணும். முகம் வெளியே தெரிந்தது. கண் திறந்திருந்தது.

சுவர் இருந்த இடம் வழியாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படியே நடந்து வந்தார். தலைக்கு மேல் தொங்குகிற கட்டடத்தை அவர் பார்க்கவே இல்லை. மண்டியிட்டுக் கையால் மண்ணை வாரத் தொடங்கினார். "இருபா, இருபா, எடுத்துடறேன்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கணவரும் அந்த வீட்டு மகனும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தெருவில் எங்களவர்கள் வாசலிலேயே நின்றார்கள், மேல்மூலை விழுந்துவிடும் என்ற பயத்தில்.

மாமனார் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு வரவில்லை. பெரியவர் தினமும் வந்து கட்டிலருகே உட்காருவார். இருவரும் பழைய முதலாளியைப் பற்றிப் பேசுவார்கள். சுவரைப் பற்றிப் பேசியதில்லை. வெளியே மட்டும் பேச்சு குறையவில்லை. நடந்தது கொலைக்குச் சமம் என்று சங்கத்தில் சொன்னார்கள். தங்கள் மாடியை வேண்டுமென்றே தோண்டிச் சாய்த்தார்கள் என்று அவர்கள் உறவில் சொன்னார்கள். இரண்டு தரப்புப் பையன்களும் கடைத்தெருவில் இரண்டு முறை மோதிக்கொண்டு, ஒருவனுக்கு மண்டை உடைந்தது.

பங்குனி பிறப்பதற்கு முன்பே மாமனார் போய்விட்டார். பாடை தூக்கும் நேரத்தில் பெரியவர் தோள் கொடுக்க வந்தார். எங்கள் சங்கத்துக்காரர்கள் முன்னால் வந்து மறித்தார்கள்.

"நீங்க நவுருங்க. இது எங்க ஆளுங்க பண்ற காரியம்."

பெரியவர் நின்ற இடத்திலேயே நின்றார். கொள்ளிச் சட்டியோடு முன்னால் நின்றிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார்.

"அவரு தூக்குனாதான் எங்கப்பா இங்கேந்து கெளம்புவாரு" என்றார்.

தூக்கினார். தெருமுனை வரைக்கும் பெரியவரின் தோளில்தான் முன்பக்க மூங்கில் இருந்தது. எங்களவர்களில் பாதிப் பேர் பின்னால் வரவில்லை.

அந்த ஆடியில் பரிவட்டம் வேறு வீட்டுக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் பெரிய கடைத்தெருவில் தனி வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஏனாத்தூர் போகும் பாதையில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். நாலு பக்கமும் காலி மனை, யாருடைய சுவரும் ஒட்டாத வீடு. கணவர் அதற்காகவே அதைப் பிடித்தார் என்று நினைக்கிறேன். குடிபோன முதல் வாரம் என் மாமியாருக்குத் தூக்கமே வரவில்லை. "ஒரு சத்தமும் இல்லையேமா, ஏதோ நடக்கப் போற மாதிரி இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.