சுவிட்சின்மேல் ஒட்டிய டேப்

என் மைத்துனிக்கு நான் ஒரு தையல் மெஷினின் விலையைக் கடன்பட்டிருந்தேன். அவள் தன்னுடைய மோட்டார் வைத்த மெஷினை விற்று, வந்த பணத்தை அப்படியே என் கையில் கொடுத்தாள். அதோடு என் பணத்தையும் சேர்த்துத்தான் என் போட்டோ ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. யாரிடமும் கைநீட்டாமல் முன்னுக்கு வந்தவன் நான் என்று எல்லோரிடமும் சொல்வதுண்டு. அது உண்மைதான். மைத்துனி நம் வீட்டு ஆள், அது கைநீட்டியதில் சேராது.

எங்கள் வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர். தைப்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தால் வேறு காரணம் தெரிந்துவிடும். புருஷன் இறந்த பிறகு என் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தாள். கடைகளில் தைத்த உடை மலிந்ததும் துணி வருவது நின்றுபோனது.

"மெஷின் சும்மா கிடக்குது அத்தான். வித்து உங்ககிட்ட போடறேன். அந்த வீடியோ வெட்டுற வேலையை எனக்குக் குடுங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் விற்ற கடையிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தாள். துணி வெட்டிய கைக்கு வீடியோ வெட்டுவது சுலபமாக வந்துவிட்டது. "தச்ச இடம் வெளிய தெரியக் கூடாது. அவ்வளவுதானே?" என்பாள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். கலர் லேபில் தரை துடைக்கச் சேர்ந்து, அங்கேயே போட்டோ கழுவும் மெஷினை ஓட்டும் ஆளானேன். அந்த மெஷினில் மருந்துத் தொட்டிகள் இருக்கும். மருந்து எப்போதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். இடையில் அணைத்தால் ஆறிப்போகும், அடுத்து வரும் படமெல்லாம் நிறம் கெட்டு வரும். சுவிட்சைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருவனும் தொட்டதில்லை. பிறகு சொந்தமாக ஸ்டூடியோ வைத்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. கம்ப்யூட்டர் வந்த அன்றே அதன் சுவிட்சின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டேன். அது இரவு பகலாக ஓடியது.

ஊசியின் பழக்கம் வேறு. தைக்கிற காலத்தில், பாபினில் நூல் தீரும்போதெல்லாம் மெஷினின் தட்டைத் திறந்து, உள்ளே சேர்ந்த பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டுத்தான் அடுத்த நூலைப் போடுவாள். அதே கண்ணோடு கம்ப்யூட்டரையும் பார்த்தாள்.

"இதுவும் அப்பப்ப மூச்சு விடணும் அத்தான். சாப்பிடப் போறப்ப அணைச்சுட்டு, வந்து போட்டுக்கறேனே."

"தொட்டுப் பாரு. டேப்ல கைரேகை இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

"போலீஸ்ல இருக்க வேண்டியவரு. பாவம், இங்க வந்து மாட்டிக்கிட்டீங்க."

சின்ன வேலைகள் மட்டும் வந்தவரை டேப்தான் ஜெயித்தது. டைல்ஸ் கடைக்காரர் மகளின் கல்யாணப் படம் வந்தபோது வம்பும் கூட வந்தது. நாலு கேமரா, மூன்று மணி நேரப் படம். மணமக்கள் சனிக்கிழமை வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார்கள். "சனிக்கிழமை மத்தியானம் நானே வருவேன். படம் இருந்தா முழுப் பணம், இல்லன்னா பாதிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் கடைக்காரர்.

ஊசிக்கும் அந்தச் சனிக்கிழமைதான் கெடு. பக்கத்துத் தெருவில், தனி வாசலோடு சின்ன வீடு ஒன்று பார்த்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாக வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். இந்தப் படத்தில் உன் கடனை அடைத்துவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பாதிப் பணம் வந்தால் கேமரா ஆட்களின் கூலிக்கே சரியாகிவிடும்.

சனிக்கிழமை காலையில் வெட்டும் வேலை முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே படமாக்கி வெளியே எடுக்க வேண்டும். அதை எக்ஸ்போர்ட் என்பார்கள். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்து பாதி தூரம் போனதும் நின்றது. மறுபடி விட்டாள். அதே இடத்தில் நின்றது. மவுஸைத் தள்ளினால் அம்புக்குறி சேற்றில் நடப்பதுபோல் நகர்ந்தது.

"மூச்சு முட்டுது அத்தான். வாரம் பூரா வெட்டினதை எல்லாம் தலைமேல சுமந்துக்கிட்டு நிக்குது. அணைச்சுப் போட்டாத்தான் இறக்கி வைக்கும்."

"அணைச்சதும் வெட்டினதெல்லாம் போயிடுச்சுன்னா?"

"சேவ் பண்ணது உள்ள பத்திரமா இருக்கும். தனி டிஸ்க்ல ஒரு நகலும் இருக்கு. மேசைமேல கிடக்கிற வெட்டுத் துணியைப் பெருக்கித் தள்ளினா, பீரோவுல மடிச்சு வச்ச சட்டை காணாமப் போகுமா?"

"லேப்ல நான் எத்தனை வருஷம்..."

"இதுல என்ன மருந்து ஊத்தி வச்சிருக்கீங்க, ஆறிப்போக? தொட்டுப் பாருங்க, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. இது ஆறினா நல்லதுதான்!"

தொட்டுப் பார்த்தேன். கொதித்தது.

"அந்த வீடு போனா போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. டேப் பக்கம் நான் வரல" என்றாள். அந்தக் குரலில் ஊசி இல்லை.

எதையும் யோசித்து முடிவெடுப்பவன் நான். யோசித்தேன். நான் ஒட்டிய டேப்பை நானேதான் உரித்தேன், வேறு ஒருவர் கையும் அதில் படவில்லை. அவள் இன்னொரு முறை சேவ் செய்துவிட்டு அணைத்தாள்.

திரை இருண்டு, திரும்பி வந்து, ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. புதுப்பிக்கிறோம், அணைக்காதீர்கள் என்று அதன் கீழே எழுத்து.

"இது என்னம்மா புதுசா?"

"மாசக்கணக்கா நீங்க கதவைத் திறக்கல. வரவேண்டியதெல்லாம் வாசல்ல வரிசையா நின்னிருக்கு. இப்ப ஒண்ணா உள்ள வருது."

"அணைச்சு இன்னொரு தடவை போட்டுப் பாரேன்."

"இப்பத் தொட்டீங்க, நான் உங்க கையை உடைச்சிடுவேன்!"

அந்த நேரம் பார்த்து டைல்ஸ் கடைக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினார். மனிதரை நாற்காலியில் உட்கார வைக்கும் வித்தையை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "ஐயா, உங்களை ஒரு நல்ல படம் எடுத்துத் தரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. காசு வேண்டாம்" என்று லைட்டைப் போட்டேன். தலை சீவச் சொன்னேன். கோட்டு ஒன்றை மாட்டிவிட்டேன். அது இறுக்கமாக இருந்ததால் வேறொன்று மாட்டினேன். மோவாயை உயர்த்தச் சொன்னேன், தாழ்த்தச் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம், வட்டம் நின்றதும் ஊசி பச்சைக் கோட்டை மறுபடி ஓடவிட்டாள்.

திடீரென்று அவள் குரல் கேட்டது. "பாதியைத் தாண்டிடுச்சு அத்தான்!"

"என்னது பாதி?" என்றார் கடைக்காரர்.

"உங்க போட்டோதாங்க. பாதி எடுத்தாச்சு. தோளை மட்டும் கொஞ்சம் நேரா வைங்க."

மூன்றாவது கோட்டுக்குள் அவர் கையை நுழைப்பதற்குள் கல்யாணப் படம் வெளியே வந்துவிட்டது. மகள் திரையில் சிரிப்பதைப் பார்த்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் மேசைமேல் வைத்தார்.

அன்றிலிருந்து என் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டு. மணிக்கொரு தரம் அணைத்துப் போட்டு விளையாட வேண்டியதில்லை. பெரிய வேலையில் மெஷின் தடுமாறினாலோ, கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாலோ, சேவ் செய்துவிட்டு ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பச்சைக் கோடு ஓடும்போது ஒருவரும் தொடக் கூடாது. மற்ற ஸ்டூடியோக்காரர்கள்கூட என்னிடம் வந்து கேட்டுப் போகிறார்கள். நான் போட்ட சட்டம். "யாரு போட்டது?" என்று ஊசி மட்டும் கேட்பாள்.

அன்று கடைக்காரர் படியிறங்கியதும் ஊசி கையை விரித்து நீட்டினாள். தாள் தாளாக எண்ணி வைத்தேன். கடன் தீர்ந்தது என்று நிமிர்ந்தேன். கை மடங்கவில்லை.

"இது நான் வித்த விலை அத்தான். அதே மெஷினை இப்ப வாங்கணும்னா என்ன விலைன்னு தெரியுமா?"

தெரியாமல் என்ன? நோட்டுக் கட்டை மறுபடி பிரித்து, இன்னும் சில தாள்களை எடுத்து, அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன்.